நீர்ச்சக்கரம் இருக்கிறது, வக்ஃபு எங்கே?
கற்பனை விளையாட்டு ஒன்றின் இடைக்காலம் குறித்துச் சில சிந்தனைகள்

கணினி விளையாட்டு பண்பாட்டு ஆய்வுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் நம் அறிவுலகில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. காவியத்துக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் அளிக்கும் கவனத்தை விளையாட்டுக்கு அளிக்க நாம் தயங்குகிறோம். ஆயினும் நம் இல்லத்துப் பிள்ளைகளிடம் 'இடைக்காலம்' என்றதும் மனக்கண்ணில் தோன்றுவது யாது என்று வினவிப் பார்த்தால், கற்கோட்டை, இரும்புக் கவசம், கொல்லன் உலை, நிலப்பிரபு, கைவினைஞர் சங்கம் என்று ஒரு வரிசை வரும். இவ்வரிசையை அவர்கள் வரலாற்று நூல்களிலிருந்து பெற்றதைவிட விளையாட்டுத் திரையிலிருந்து பெற்றதே அதிகம். அத்திரையில் இடைக்காலம் என்பது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவின் சில நூற்றாண்டுகளே.

'இடைக்காலம்' என்ற பெயரே ஐரோப்பியர் தம் வரலாற்றைப் பகுத்துக்கொண்ட முறையில் பிறந்தது. ரோமப் பேரரசின் வீழ்ச்சிக்கும் மறுமலர்ச்சிக்கும் 'இடைப்பட்டது' என்பதே அதன் பொருள். அதே நூற்றாண்டுகள் பக்தாதுக்கும் திமிஷ்குக்கும் கெய்ரோவுக்கும் குர்துபாவுக்கும் எதற்கும் இடைப்பட்டவையாக இருந்ததில்லை. எனினும் வசதி கருதி அச்சொல்லையே நாமும் ஈண்டு ஆள்கிறோம். கற்பனை உலகொன்றைப் படைப்போர் இடைக்காலத் தொழில்நுட்பங்களையும் சமூக ஏற்பாடுகளையும் அதனுள் சேர்க்கும்போது எதை எடுத்துக்கொள்கின்றனர், எதை விட்டுவிடுகின்றனர், ஏன் விட்டுவிடுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு ஒரே விளையாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

கல்லையும் நீரையும் அறிந்த விளையாட்டு

டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கச் சகோதரர் இருவர் உருவாக்கிய 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்', அதாவது 'குள்ளர் கோட்டை', 2006 ஆகஸ்ட் மாதம் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. பல்லாண்டுகள் அது இலவசமாகவே கிடைத்தது. படங்கள் இன்றி எழுத்துக் குறிகளாலேயே உலகத்தைக் காட்டிய அவ்விளையாட்டை 2012ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் தொகுப்புக்குத் தேர்ந்துகொண்டது. 2022 டிசம்பரில் படங்களுடன் கூடிய பதிப்பு விற்பனைக்கு வந்தது. இதன் உலகில் குள்ளரும் எல்ஃபுகளும் கோப்ளின்களும் வாழ்கின்றனர். கணினியே பல தெய்வங்களைப் புனைந்து அவர்களுக்கு வழங்குகிறது. இஸ்லாமிய நம்பிக்கை நோக்கில் இத்தகைய புனைவுகளை எவ்வாறு அணுகுவது என்பது தனியே பேசவேண்டிய செய்தி. இங்கு நம் நோக்கம் அவ்வுலகின் சக்கரங்களும் சட்டங்களுமே.

இவ்விளையாட்டின் சிறப்பை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். பொருள்களின் இயல்பை இத்துணை நுணுக்கமாகக் கணக்கிடும் விளையாட்டுகள் அரிது. ஒவ்வோர் உலோகத்துக்கும் உருகுநிலை உண்டு. ஒவ்வோர் உயிருக்கும் எலும்பு, தசை, பல், நகம் வரை உறுப்புகள் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் ஆழம் ஒன்று முதல் ஏழு வரையான அளவுகளில் கணிக்கப்படுகிறது. அழுத்தத்தால் நீர் மேலேறுவதும் கணிக்கப்படுகிறது. மரத்தை எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலிலிருந்து காரநீர் எடுத்து, அதனுடன் கொழுப்பைச் சேர்த்துச் சவர்க்காரம் செய்தல் வேண்டும். நீர்ச்சக்கரம், காற்றாலை, அச்சு, பற்சக்கரம், திருகு நீரிறைப்பான், தறி, சாயப் பட்டறை, காகிதம் செய்தல் என யாவும் உள. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டை எல்லைக்கோடாகக் கொண்டு, அதற்குப் பிந்திய நுட்பங்களைப் பொதுவாகத் தவிர்ப்பது படைப்பாளியின் கொள்கை. ஆகவே வெடிமருந்து இல்லை, துப்பாக்கி இல்லை.

சமூக ஏற்பாடுகளும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. 2010இல் மருத்துவமனை வந்தது. 2015 டிசம்பரில் நூலகங்களும் வழிபாட்டிடங்களும் மதுக்கூடங்களும் வந்தன. 2020 ஜனவரியில் கைவினைஞர் சங்கங்கள் வந்தன. ஒரு தொழிலைச் சார்ந்தோர் ஒன்றுகூடித் தமக்கு மண்டபம் வேண்டுமென விண்ணப்பிக்கின்றனர். அங்கே தம் திறனைச் செய்துகாட்டிப் பிறருக்குப் பயிற்றுகின்றனர். இவ்வளவையும் இருவர் ஒரு வாழ்நாள் பணியாகச் செய்துவருகின்றனர் என்பது மதிப்புக்குரியது. நம் விமர்சனம் அம்மதிப்பைக் குறைப்பதற்காக எழுந்ததன்று. இத்துணை நுணுக்கமான உலகிலேயே ஓர் இடைவெளி இருக்குமாயின், அவ்விடைவெளி கணினியின் ஆற்றல் குறைவால் நேர்ந்ததாகாது. சிந்தனையின் பழக்கத்தால் நேர்ந்ததேயாகும்.

தேயாத சக்கரம்

இவ்விளையாட்டின் நீர்ச்சக்கரம் 100 அலகு ஆற்றலைத் தருகிறது. திருகு நீரிறைப்பானுக்கு வேண்டுவது 10 அலகே. எனவே இறைப்பானைக் கொண்டு நீரை ஏற்றி, அந்நீரைக் கொண்டே சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சிய ஆற்றலைப் பிற பணிகளுக்குப் பயன்படுத்துவது ஆட்டக்காரர் பலரும் அறிந்த உபாயம். இயற்பியல் ஒவ்வாத இந்த நிரந்தர இயக்கத்தை வேடிக்கையாகக் கொள்ளலாம். ஆனால் இதைவிட ஆழமான பொய் ஒன்று அச்சக்கரத்தில் உண்டு. அது தேய்வதில்லை. குள்ளரின் ஆடை கிழிகிறது, சக்கரம் பழுதுறுவதில்லை. ஒருமுறை அமைத்துவிட்டால் நூறாண்டுகள் கழிந்தாலும் ஒரு பலகை மாற்றவேண்டியதில்லை.

சிரியாவின் ஹமா நகரில் ஆஸீ ஆற்றங்கரையில் நிற்கும் நாவூரா என்னும் பெருஞ்சக்கரங்களை நினைவுகூர்வோம். அவற்றுள் பெரிதான முஹம்மதிய்யா 1361ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுடையது. நகரின் பெரிய பள்ளிவாசலுக்கு நீர் வழங்கியது. மரத்தாலான இத்தகைய சக்கரம் நனைந்தும் காய்ந்தும் ஓயாது நைகிறது. பலகைகளையும் ஆரக்கால்களையும் தொடர்ந்து மாற்றவேண்டும். அதற்கு மரம் வேண்டும், தச்சர் வேண்டும், தச்சருக்குக் கூலி வேண்டும். நாம் இன்று காணும் சக்கரத்தில் தொடக்கத்தில் அமைத்த மரம் எத்துணை எஞ்சியிருக்கும்? சக்கரம் நிலைத்ததற்குக் காரணம் மரத்தின் வலிமையைவிட அதைத் தொடர்ந்து புதுப்பித்த ஏற்பாட்டின் வலிமையே.

திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் ஜைரூன் வாயிலருகே இருந்த நீர்க்கடிகாரம் மற்றொரு சான்று. 1184இல் அந்நகருக்கு வந்த இப்னு ஜுபைர், வெண்கல வல்லூறுகள் தம் அலகிலிருந்து உலோகக் குண்டுகளை உதிர்த்து நாழிகை அறிவிப்பதை வியந்து எழுதினார். அதை அமைத்தவர் முஹம்மது அஸ்ஸாஆத்தீ. அவர் மறைந்தபின் பழுதுற்ற கடிகாரத்தை அவருடைய மகன் ரிள்வான் செப்பனிட்டு, அப்பணியைக் குறித்து 1203இல் ஒரு நூலும் எழுதினார். இயந்திரவியல் வரலாற்றில் புதிது புனைந்தோரின் நூல்கள் பல உண்டு. பழுதுபார்த்தலையே பொருளாகக் கொண்ட இந்நூல் அவற்றிடையே தனித்து நிற்கிறது.

இவ்வாறு இயந்திரங்களையும் கட்டடங்களையும் பணிகளையும் தலைமுறை கடந்து பேணியதில் முதன்மையான ஏற்பாடு வக்ஃபு. ஒரு கடைவீதியோ தோப்போ குளியல் மண்டபமோ தன் வருவாயுடன் ஒரு நற்பணிக்கென நிறுத்தப்படுகிறது. அதன்பின் அதை விற்கவோ கொடையாக வழங்கவோ வாரிசாகப் பங்கிடவோ இயலாது. 1326இல் திமிஷ்கைக் கண்ட இப்னு பதூதா அங்கிருந்த வக்ஃபுகளின் வகைகளை வரிசைப்படுத்துகிறார். ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதோருக்கு, மணமகளைச் சீருடன் அனுப்ப வசதியற்ற குடும்பங்களுக்கு, சிறைப்பட்டோரை மீட்பதற்கு, வழிப்போக்கருக்கு, தெருக்களுக்குக் கல் பாவுவதற்கு என ஒவ்வொன்றுக்கும் தனி வக்ஃபு இருந்தது. உடைந்த பாத்திரங்களுக்கென்றுகூட ஒன்று இருந்தது. எசமானின் சீனத் தட்டைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டு அஞ்சி நின்ற அடிமைச் சிறுவன் ஒருவன், உடைந்த துண்டுகளை அந்த வக்ஃபின் பொறுப்பாளரிடம் காட்டி வேறொரு தட்டுக்கான பணத்தைப் பெற்றுச் சென்றதை இப்னு பதூதா கண்டு எழுதியுள்ளார்.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284–85இல் நிறுவிய மாரிஸ்தான், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி மருத்துவம் அளித்தது. அதன் வக்ஃபுப் பத்திரம் நோயாளிகளுக்குரிய பராமரிப்பையும் பணியாளரின் கடமைகளையும் விரிவாக வகுத்தது. 'குள்ளர் கோட்டை'யின் மருத்துவமனைக்கும் ஒரு பட்டியல் உண்டு: நூல், துணி, கட்டுக்கட்டை, ஊன்றுகோல், சுண்ணப்பொடி, சவர்க்காரம், வாளி. பட்டியல் செம்மையானது. சவர்க்காரமின்றேல் புண் சீழ்ப்பிடிக்கும் என்பதுவரை விளையாட்டு அறிந்திருக்கிறது. ஆனால் இப்பொருள்கள் யாருடைய உடைமையிலிருந்து, எந்த உரிமையால், எவருடைய வாக்குறுதியால் அங்கு வருகின்றன என்ற வினா எழுவதேயில்லை. கோட்டையின் களஞ்சியம் யாவும் ஆட்டக்காரரின் கட்டளைக்குட்பட்டவை. அவர் விரும்பினால் மருத்துவமனை. விரும்பாவிடில் அதே அறை சாராயக் கிடங்கு.

இங்கேதான் நம் மையக் கருத்து வெளிப்படுகிறது. வக்ஃபை இவ்விளையாட்டில் சேர்ப்பதென்றால் புதிதாக ஒரு கட்டடத்தைச் சேர்ப்பதாகாது. ஆட்டக்காரரின் கை எட்டாத ஓர் இடத்தைக் கோட்டைக்குள் அமைப்பதாகும். போர்க்காலத்தில் இரும்பு தேவைப்பட்டாலும் மாரிஸ்தானின் கொப்பரையை உருக்க இயலாது. நிலம் தேவைப்பட்டாலும் அறநிலையத்தின் தோப்பை வெட்ட இயலாது. தொழில்நுட்பம் ஆட்டக்காரரின் ஆற்றலைக் கூட்டுகிறது. நிறுவனமோ அவருடைய கையைக் கட்டுகிறது. முன்னதைச் சேர்ப்பதில் விளையாட்டுகள் காட்டும் ஆர்வத்தையும் பின்னதைச் சேர்ப்பதில் காட்டும் தயக்கத்தையும் இவ்வாறே விளங்கிக்கொள்ள முடிகிறது.

நீரும் நீர்ப்பங்கும்

நீரை எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் நீர் என்பது ஓடும் பொருள். அதைத் தடுக்கலாம், ஏற்றலாம், பகைவர் மீது திறந்துவிடலாம். ஆனால் அந்நீர் யாருக்கு எவ்வளவு நேரம் உரியது என்ற கேள்வி அங்கில்லை.

ஓமானின் ஃபலஜ் முறையில் அக்கேள்வியே முதற்கேள்வி. மலையடிவார நிலத்தடி நீரையும் ஊற்று நீரையும் சாய்வான கால்வாய் வழியே எவ்விசையுமின்றி ஊருக்குக் கொணரும் இம்முறையில் ஏறத்தாழ 3,000 கால்வாய்கள் பயன்பாட்டில் இருப்பதாக, அவற்றுள் ஐந்தை 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோ குறித்தது. அங்கு நீர் கன அளவால் பங்கிடப்படுவதைவிடக் காலத்தால் பங்கிடப்படுவதே பெருவழக்கு. அரைமணி நேரத்தை ஒத்த 'அதர்' என்னும் அலகு உண்டு. பகலில் நிழற்கோலின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் நோக்கி முறை மாற்றினர். கால்வாயின் பொறுப்பாளருக்கு வகீல் என்று பெயர். சில பங்குகள் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக நிற்கும். சில பங்குகள் ஏலம் விடப்பட்டு அத்தொகை கால்வாயின் பராமரிப்புக்குச் செல்லும். தொழில்நுட்பம் என்று நோக்கினால் ஃபலஜ் ஒரு சாய்வான கால்வாய் மட்டுமே. அதை ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓடச் செய்தது பங்குக் கணக்கு.

ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் உழவர் தேர்ந்தெடுத்த நீர் நடுவர்கள் வியாழன்தோறும் நண்பகலில் பேராலயத்தின் வாயிலில் கூடி வழக்குகளை வாய்மொழியாகவே கேட்டுத் தீர்க்கும் வழக்கம் உண்டு. 2009இல் யுனெஸ்கோ இதனையும் மரபுரிமையாக ஏற்றது. அந்தலூஸ் காலத்து நீர்ப்பாசன மரபில் இது வேர்கொண்டது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கால்வாயைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'அஸேக்கியா' அரபியின் 'அஸ்ஸாக்கியா'விலிருந்து பிறந்ததே. ஆட்சி மாறியது; மதம் மாறியது; மொழி மாறியது. நீர்முறை நிலைத்தது. அரசர்களைக் கடந்து வாழும் இத்தகைய ஏற்பாடு ஒரு பாவனை உலகில் இருப்பின், ஒரு கோட்டை வீழ்ந்த பின்னரும் அதன் கால்வாய் முறை அடுத்து வருவோருக்கு எஞ்சியிருக்கும். ஆயிரமாண்டு வரலாற்றைத் தானே புனையும் வல்லமையுள்ள விளையாட்டுக்கு இது அயலான கருத்தன்று.

பிரபுவின் ஆசையும் முஹ்தஸிபின் தராசும்

அதிகாரத்தைப் பற்றிய இவ்விளையாட்டின் சித்திரம் நகைச்சுவையானது. ஆனால் அந்நகைச்சுவையில் ஒரு வரலாற்றுப் பார்வை ஒளிந்துள்ளது. கோட்டை வளர்ந்ததும் பிரபுக்கள் தோன்றுகின்றனர். தமக்கு விருப்பமான பொருளைச் செய்யுமாறும், இன்ன பொருளை வெளியூருக்கு விற்கலாகாதெனவும் காரணமின்றி ஆணையிடுகின்றனர். ஆணை நிறைவேறாவிடில் ஏதுமறியாத கைவினைஞன் சிறைப்படுகிறான், அல்லது அடிபடுகிறான், சம்மட்டியால் தண்டிப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். தொடக்கப் பதிப்புகளில் நாணயமும் வாடகையும் இருந்தன. குள்ளர் தம் வேலையை விட்டுவிட்டு நாணயங்களைச் சுமந்து திரிந்ததுதான் கண்ட பயன். பின்னர் அவ்வேற்பாடு விலக்கப்பட்டது. இன்று அங்குச் சட்டம் என்பது மேலோரின் மனப்போக்கு. சந்தை என்பது வெளியூர் வணிகக் கூட்டம் வந்து போகும் களம்.

ஊர்ச் சந்தையை நெறிப்படுத்திய ஹிஸ்பா என்னும் நிறுவனத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபின் கடமைகளைத் தொழில்வாரியாக வகுத்து ஒரு கைந்நூல் எழுதினார். ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர், பால் விற்போர், சாயமிடுவோர், குருதி வாங்குவோர், மருத்துவர் என ஒவ்வொருவரும் எவ்வாறு ஏமாற்றக்கூடும், அதை எவ்வாறு கண்டறிவது என்பதை அந்நூல் விளக்குகிறது. அளவையும் நிறுவையும் சோதித்தல் முஹ்தஸிபின் முதற்பணி. அப்பணி பிரபுவின் ஆசையிலிருந்து எழுவதன்று. நிறுவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் குர்ஆனியப் போதனையிலிருந்து எழுவது. முஹ்தஸிபுகளுள் கையூட்டுப் பெற்றோரும் பதவியை விலைக்கு வாங்கியோரும் இருந்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. மம்லூக் காலத்து எழுத்தாளர் பலர் இதைக் கசப்புடன் பதிவுசெய்துள்ளனர். விளையாட்டுக்கு அதுவும் வேண்டியதே. நேர்மையான முஹ்தஸிப் இருக்கும் கோட்டையும் விலைபோன முஹ்தஸிப் இருக்கும் கோட்டையும் வேறுவேறாக வளரும் அல்லவா?

இவ்விளையாட்டின் அடிப்படைக் கோப்புகளை ஆட்டக்காரரே திருத்தலாம். புதிய உயிரினத்தை, புதிய பட்டறையை, புதிய செய்முறையை எழுதிச் சேர்க்கலாம். மென்பொருள் துறையில் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர் மனம் வைத்தால் ஹமாவின் நாவூராவையோ ஸமர்கந்தின் காகிதப் பட்டறையையோ சில நாள்களில் அங்கு நிறுவிவிடலாம். முஹ்தஸிப் என்ற பதவிப் பெயரையும் சேர்த்துவிடலாம். ஆனால் பதவிகளுக்குரிய பொறுப்புகள் முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு சிறு பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படவேண்டும். அப்பட்டியலில் தராசைச் சோதிக்கும் வேலை இல்லை. இயந்திரத்துக்குத் திறந்திருக்கும் வாயில் நிறுவனத்துக்கு மூடியிருக்கிறது.

நூலகம் உண்டு, ஆசான் இல்லை

அறிவைக் குறித்த பகுதி இவ்விளையாட்டில் மிக அழகியது. மிகக் குறையுடையதும் அதுவே. நூலகம் வந்ததும் அறிஞர் வருகின்றனர். வானியல், கணிதம், மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் சிந்திக்கின்றனர், வாதிடுகின்றனர். நீர்க்கடிகாரம், அஸ்தர்லாப் போன்றவற்றின் கருத்துகளைக் கண்டறிந்து ஏடுகளில் எழுதுகின்றனர். எழுத்தர் அவ்வேடுகளைப் படியெடுக்கின்றனர். பிற ஊர் அறிஞர் வந்து கற்றுச் செல்கின்றனர். இதை முதன்முறை காண்போருக்கு, பக்தாதின் ஏட்டுக்கடை வீதியும், அங்கே நூல் வணிகராயிருந்து 987இல் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பெரும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீமும் நினைவுக்கு வருதல் இயல்பு.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்புகள் கோட்டையின் பட்டறைகளில் எதையும் மாற்றுவதில்லை. அறிஞர் நீர்க்கடிகாரத்தைக் கண்டறிந்தாலும் கோட்டையில் ஒரு நீர்க்கடிகாரம் எழுவதில்லை. மறுபுறம், பட்டறைகளின் நுட்பங்களோ தொடக்கம் முதலே எல்லாருக்கும் தெரியும். நேற்று வந்த உழவனை இன்று பற்சக்கரம் செய்யப் பணித்தால், சீராக இல்லாவிடினும், செய்து முடிப்பான். ஆகவே ஆசான் இறந்தால் கலை இறப்பதில்லை. இடையில் ஒருவனைத் திடீரென ஓர் ஆவேசம் பற்றுகிறது, பட்டறையைக் கைப்பற்றிக் கதவடைத்துக்கொண்டு ஒப்பற்ற ஒரு பொருளைச் செய்து வெளிவருகிறான், அக்கணமே மாமேதையாகிறான். தனிமேதை என்ற நவீனப் புராணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

அல்ஜஸரீயின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஆர்துகீ ஆட்சியாளரிடம் தியார்பக்கிரில் பணிபுரிந்த அவர், ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், ஐம்பது கருவிகளை விளக்கும் தம் நூலை நிறைவு செய்தார். சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றி இரட்டை உந்துதண்டுகளால் நீரேற்றும் பொறி அவற்றுள் ஒன்று. முன்னோர் நூல்களைக் கற்றதையும் அவற்றைச் சோதித்ததையும் அவர் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு கருவிக்கும் பாகங்களின் அளவையும் செய்முறையையும் படத்துடன் தருகிறார். அடுத்து வரும் கைவினைஞன் செய்துபார்க்க வேண்டும் என்பதே நோக்கம். 1976இல் லண்டனில் நடைபெற்ற இஸ்லாமிய உலக விழாவையொட்டி, அந்நூலின் விவரங்களைக் கொண்டே அவருடைய பெருங்கடிகாரம் ஒன்று மீண்டும் அமைக்கப்பட்டு இயங்கியது. 770 ஆண்டுகள் கடந்து ஓர் ஏடு பட்டறையுடன் பேசியது.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் கைத்தொழில்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். கைத்தொழிலுக்கு ஆசான் இன்றியமையாதவர் என்பதும், நகர நாகரிகம் நிறைவுற்றுச் செழிக்கும் அளவுக்கே தொழில்கள் செம்மையுறும் என்பதும், தேவையும் மதிப்பும் இருக்கும் இடத்திலேயே அவை வளரும் என்பதும், நகரம் தேயும்போது தொழில்களும் தேயும் என்பதும் அவருடைய முடிவுகள். 'உம்ரான்' என்று அவர் பெயரிட்ட மனிதக் கூட்டுவாழ்வே முதல். கருவி அதன் விளைவு. பாவனை விளையாட்டு ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் யாது? ஆசான்–மாணவர் தொடரைக் கணக்கில் கொண்டால், ஒரு கொள்ளை நோயில் இரு தச்சர் இறந்ததால் ஒரு தலைமுறைக்கு நீர்ச்சக்கரம் செய்யத் தெரியாத ஊர் தோன்றும். இஜாஸா என்னும் கற்பித்தல் அனுமதியைக் கணக்கில் கொண்டால், யாரிடம் கற்றார் என்பதைப் பொறுத்து ஓர் அறிஞரின் சொல்லுக்கு மதிப்பு ஏறும், இறங்கும். தோற்பதும் இன்பமே என்பது இவ்விளையாட்டை ஆடுவோரிடையே வழங்கும் முழக்கம். வெள்ளத்தால் கோட்டை வீழ்கிறது; கோப்ளின்களால் வீழ்கிறது; எரிமலைக் குழம்பால் வீழ்கிறது. முதவல்லி பொருளைத் தின்றதால், ஆசானுக்கு மாணவர் கிட்டாததால், நீர்ப்பங்கில் நேர்ந்த அநீதியால் அங்கு எந்தக் கோட்டையும் வீழ்வதில்லை. உண்மையான நகரங்கள் பலவும் தேய்ந்ததோ இத்தகைய காரணங்களாலேயே.

மரத்தில் காய்க்கும் மதரஸா

பிற விளையாட்டுகளை நோக்கினால் 'குள்ளர் கோட்டை' எத்துணையோ மேல் என்றே தோன்றும். 1991இல் சிட் மையர் வெளியிட்ட 'சிவிலைசேஷன்' தொட்டுத் தொழில்நுட்ப மரம் என்ற அமைப்பு பரவியது. ஒன்றைக் கற்றால் மற்றொன்று திறக்கும். திறந்தது பின் ஒருபோதும் மூடாது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்துக்குப் பின்னாளில் வந்த விரிவாக்கத்தில் ஸாரஸன்களுக்கு 'மதரஸா' என்ற நுட்பம் சேர்க்கப்பட்டது. அதன் பயன் யாதெனில், போரில் துறவி ஒருவர் கொல்லப்பட்டால் அவருக்குச் செலவான பொன்னில் மூன்றில் ஒரு பங்கு அப்போது திரும்பக் கிடைத்தது. நிஸாமிய்யாவும் முஸ்தன்ஸிரிய்யாவும் இழப்பீட்டுத் திட்டமாகச் சுருங்கிய விந்தை இது. 2012இல் வெளியான 'க்ரூஸேடர் கிங்ஸ்' இரண்டாம் பாகத்தில், அதே ஆண்டு வந்த விரிவாக்கத்தின் வழியே முஸ்லிம் ஆட்சியாளராக ஆடும் வாய்ப்பு கிட்டியது. அவர்களுக்கென்றே 'சீரழிவு' என்ற ஓர் எண்ணும் உடன் வந்தது. குடும்பத்து ஆண்கள் நிலமின்றி இருந்தால் அவ்வெண் ஏறும். மிக ஏறினால் கலகம் மூளும். அரச குலங்களின் எழுச்சியையும் தளர்ச்சியையும் பற்றிய இப்னு கல்தூனின் கோட்பாட்டின் நிழல் அதில் தெரிகிறது. எல்லா அரச குலங்களுக்கும் உரியதாக அவர் வகுத்ததை முஸ்லிம்களின் தனி நோயாக மாற்றியதே அங்கு நேர்ந்த திரிபு.

இவற்றைக் கண்டு பிறரைக் குறைகூறுவது எளிது. நம்மவர் எழுத்தையும் மேடைப் பேச்சையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் கடினம். இயந்திர மனிதனின் தந்தை அல்ஜஸரீ, ஒளியியலின் தந்தை இப்னு ஹைஸம், அறுவை மருத்துவத்தின் தந்தை ஸஹ்ராவி என்று நாம் அடுக்கும் பட்டியல்களும் தொழில்நுட்ப மரங்களே. பெயரும் கருவியும் ஆண்டும் இருக்கும். அக்கருவியை யார் பேணினர், யார் கூலி கொடுத்தனர், எவ்வேற்பாடு தகர்ந்ததால் அது கைநழுவியது என்பன இரா. முன்னோர் முதலில் கண்டனர் என்ற பெருமிதம் நமக்கு இனிக்கிறது. அவர்கள் தம் உடைமையை மீளப்பெற இயலாதவாறு பொதுப்பணிக்கு நிறுத்தினர் என்ற செய்தி நம்மிடமும் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. ஆதலால் அதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை போலும். 2025இல் இந்திய நாடாளுமன்றம் வக்ஃபுச் சட்டத்தைத் திருத்தியபோது எழுந்த விவாதங்களில் வக்ஃபு என்பது பெரிதும் நிலமாகவும் ஆவணமாகவும் வாரியமாகவுமே பேசப்பட்டது. எதிர்த்தோரும் ஆதரித்தோரும் ஏக்கர் கணக்கில் மூழ்கினர். சக்கரத்தைச் சுழலவைத்த, நோயாளிக்குப் படுக்கை விரித்த, உடைந்த தட்டுக்கு ஈடு கொடுத்த நிறுவனம் அது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தக்க கதையாக நாம் வைத்திருக்கவில்லை.

வக்ஃபு குறையற்றது என்பதும் நம் வாதமன்று. மம்லூக் அமீர்கள் தம் செல்வத்தை அரச பறிமுதலினின்று காக்க வக்ஃபைக் கேடயமாக்கியதுண்டு. நிறுவியவரின் நிபந்தனை காலத்துக்கு ஒவ்வாததாகி நிறுவனமே உறைந்ததுண்டு. மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகையைக் காட்டி நல்ல சொத்தைக் கவர்ந்ததுண்டு. பாவனை விளையாட்டின் பயன் இங்கேதான் பெரிது. புகழுரையும் பழியுரையும் செய்ய இயலாத ஒன்றை அது செய்யும்: ஓர் ஏற்பாடு எந்நிலையில் வாழ்கிறது, எந்நிலையில் சாகிறது என்பதை ஆடுபவரே நடத்திக் காணச் செய்யும்.

கற்பனை உலகம் வரலாற்றுக்குக் கடன்பட்டதன்று என்று ஒருவர் மறுக்கலாம். குள்ளருக்கு ஏன் வக்ஃபு என்று வினவலாம். குள்ளருக்குப் பிரபு ஏன், சங்க மண்டபம் ஏன், வாடகை ஏன் இருந்தது என்பதே அதற்கு விடை. கற்பனை எப்போதும் கடன் வாங்குகிறது. எவரிடம் வாங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. ஐரோப்பியப் பண்ணையின் பிரபுவை இரவல் பெறும் உலகுக்கு ஓமானின் வகீலும் திமிஷ்கின் கடிகாரப் பொறுப்பாளரும் இரவலாகக் கிடைக்கக்கூடியவர்களே.

இவ்விளையாட்டு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் கோப்புகள் எழுதத் தெரிந்தோருக்குத் திறந்திருக்கின்றன. நம் இளைஞர் அதனுள் ஒரு நாவூராவை நிறுவினால் நாம் மகிழ்வோம். அதன் பலகைகள் தேயும்படியும், தேய்ந்ததை மாற்ற ஒரு தோப்பின் வருவாய் நிறுத்தப்பட்டிருக்கும்படியும், அத்தோப்பை ஆட்டக்காரரே விரும்பினாலும் வெட்ட இயலாதபடியும் அவர் அமைப்பாராயின், நம் முன்னோரை அவர் சரியாகப் படித்திருக்கிறார் என்று கொள்வோம்.